அருகமர்ந்து கேட்டல்

நுழையும்முன்

மருந்து உடலுக்குள் சென்று வேலை செய்கிறது. சொல் எங்கே சென்று வேலை செய்கிறது? தீராத நோயுற்றவர்களின் மனத்துயரைப் பேச்சின் வழியாகத் தணிக்கும் முறைகள், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மருத்துவத்தின் ஒரு பிரிவாகவே வளர்ந்துள்ளன. நோயாளி பேச, மருத்துவர் கேட்பது இம்முறைகளின் இயல்பு. அவை உருவான கதையையும், அவற்றால் இயன்றதையும் இயலாததையும் இப்பாடம் கூறுகிறது.

லண்டனில் ஒரு சன்னல்

1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் நாற்பது வயதுடைய ஒருவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவர் பெயர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டிலிருந்து வந்து சேர்ந்த யூதர். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். குடும்பம் என்று சொல்லிக்கொள்ள அந்நகரில் அவருக்கு எவரும் இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்னும் மருத்துவச் சமூகப் பணியாளர் அவரைத் தொடர்ந்து சென்று பார்த்துவந்தார். இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். உலகில் வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் எஞ்சாமல் போகப்போகிறோமே என்பது டாஸ்மாவின் மனத்தை அரித்த துயரம். அதற்கு மருந்துச் சீட்டில் எழுதத்தக்க மருந்து எதுவும் இல்லை.

இறக்கும் நிலையில் இருப்பவர்கள் வலியும் தனிமையும் இன்றி வாழ ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அப்பேச்சுகளினூடே உருவாயிற்று. டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுண்டைச் சாண்டர்ஸுக்கு எழுதிவைத்தார். அவர் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகவும் சொல்லிச் சென்றார். முன்பு செவிலியராகவும் பணியாற்றியிருந்த சாண்டர்ஸ், அதன்பின் மருத்துவம் பயின்று 1957இல் மருத்துவரானார். 1967இல் தென் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மா விரும்பிய சன்னல் அங்கே இருக்கிறது. இன்று உலகின் பல நாடுகளிலும் நடைபெறும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கு அவ்வில்லமே முன்மாதிரியாயிற்று.

சாண்டர்ஸ் தம் நோயாளிகளின் பேச்சை ஒலிநாடாவில் பதிவுசெய்து, திரும்பத் திரும்பக் கேட்டு ஆராய்ந்தவர். வலியைப் பற்றிச் சொல்லுமாறு ஒருமுறை ஒரு பெண்மணியிடம் அவர் கேட்டார். முதுகில் தொடங்கியது என்று ஆரம்பித்த அப்பெண்மணி, இப்போது தம்மில் எல்லாமே பழுதாகிவிட்டதுபோல் இருக்கிறது என்றார். தம்மைக் கவனித்துக்கொள்ளக் கணவரும் மகனும் வேலைக்குச் செல்லாமல் இருந்தால் வருமானம் என்னாவது என்ற கவலையையும், எவரும் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்ற மனக்குறையையும் அதே மூச்சில் சொன்னார். கேள்வி முதுகைப் பற்றியது. விடையிலோ உடலும் மனமும் குடும்பமும் பணமும் ஒருங்கே இருந்தன. இத்தகைய விடைகளைக் கேட்டுக் கேட்டே, உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிக்கிடக்கும் 'முழுமை வலி' என்னும் கருத்தை அவர் வகுத்தார்.

இதனால் உடல் வலியை அவர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டதாகக் கருதுதல் பிழை. வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மார்பின் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவரும் முறையை வலியுறுத்தியவரும் அவரே. உடல் வலியால் துடிப்பவரிடம் வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குவது கொடுமை. முதலில் வலி தணிய வேண்டும். பேச்சு அதன் பிறகே.

ஆற்றுப்படுத்துதல்

பேச்சே சிகிச்சையாகும் என்ற எண்ணம் சாண்டர்ஸுக்கு முந்தையது. 1880 முதல் 1882 வரை வியன்னா நகரில் யோசப் பிராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். மனத்தில் அழுந்திக் கிடந்தவற்றை வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் அவருடைய துன்பங்கள் தளர்ந்தன. இதனைப் 'பேச்சுச் சிகிச்சை' என்று பெயரிட்டு அழைத்தவர் அந்தப் பெண்ணே என்பது நினைவுகொள்ளத்தக்கது. பின்னாளில் சமூகப் பணியால் புகழ்பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் அவர். பிராயரும் அவருடைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டும் இணைந்து 1895இல் இவ்வரலாற்றை நூலாக வெளியிட்டனர். அந்தச் சிகிச்சையால் அவர் அப்போதே முழு நலம் பெற்றுவிடவில்லை. அதன்பிறகும் சில காலம் மருத்துவ இல்லங்களில் இருக்க நேர்ந்தது. எனினும் அவர் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

இத்தகைய பணியைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றும், செய்பவரை ஆற்றுப்படுத்துநர் என்றும் வழங்குகிறோம். ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையில் வாடி எதிர்வரும் இன்னொருவருக்குத் தாம் நடந்துவந்த வழியைச் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. பழைய சொல் புதிய தொழிலுக்குப் பொருந்தி வந்திருப்பது அழகே. ஆயினும் கடுநோய் உற்றவரிடம் செல்லும் ஆற்றுப்படுத்துநருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அந்த வழியில் அவர் நடந்து திரும்பியவர் அல்லர். எனவே வழி சொல்வதற்குப் பதிலாக, நடந்துகொண்டிருப்பவர் சொல்வதைக் கேட்பதே அவருடைய பணியாகிறது.

நோயாளியே ஆசிரியர்

1965இல் சிகாகோ நகரில் இறையியல் பயிலும் மாணவர் நால்வர், சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸைச் சந்தித்தனர். மனித வாழ்வின் நெருக்கடிகளுள் பெரியது மரணம். அதை ஆராய எவ்வாறு தொடங்குவது என்று கேட்டனர். மரணத்தை எதிர்நோக்கியிருப்பவர்களிடமே சென்று கேட்போம் என்றார் அவர். பெரிய மருத்துவமனை ஒன்றில் அத்தகைய நோயாளி ஒருவரைக் காட்டுமாறு அவர் வேண்டியபோது, தம் பிரிவில் இறக்கும் நிலையில் எவரும் இல்லை என்றே மருத்துவர் பலர் விடையளித்தனர். அவ்விடை பொய் என்பதைவிட, அச்சம் எனலாம். நோயாளி என்ன கேட்டுவிடுவாரோ என்று நலமாயிருப்பவர்களே அஞ்சினார்கள்.

பின்னர் ஏறத்தாழ இருநூறு நோயாளிகள் மாணவர்களுக்கு முன்னிலையில் தம் நிலையைப் பற்றிப் பேசினர். அவ்வுரையாடல்களின் அடிப்படையில் 1969இல் கியூப்ளர் ராஸ் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என அவர் குறிப்பிட்ட ஐந்து நிலைகள், பாடநூல் முதல் திரைப்படம் வரை பரவின. பரவியதில் ஒரு தீங்கும் நேர்ந்தது. ஐந்தும் படிக்கட்டுகள்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று பலர் எண்ணிவிட்டனர். காலையில் மரணத்தை ஏற்றுக்கொண்டவர், மாலையில் அடுத்த ஆண்டுத் திருவிழாவைப் பற்றித் திட்டமிடக்கூடும். இப்போது நீங்கள் மூன்றாம் நிலையில் இருக்கிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்வதால் அவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. அந்நூலின் பெருமை நிலைகளின் எண்ணிக்கையில் இல்லை. நோயாளியை ஆசிரியராகவும் மருத்துவரை மாணவராகவும் இருக்கை மாற்றி அமர்த்தியதில் இருக்கிறது.

நம்பிக்கையும் திருத்தமும்

பேச்சினால் ஆயுளும் நீளுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல், பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுடைய 86 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகளை 1989இல் வெளியிட்டார். அவர்களுள் ஒரு பகுதியினர் ஓராண்டுக் காலம் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் குழுவாகக் கூடி, அச்சங்களையும் துயரங்களையும் ஒளிவின்றிப் பேசினர். அவ்வாறு பேசிய பெண்கள் சராசரியாக 36.6 மாதங்களும், குழுவில் சேராதவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர் என்பது கண்டறியப்பட்டது. செய்தி உலகைச் சுற்றியது. மனவலிமையால் புற்றுநோயை வெல்லலாம் என்று பேசுவோர் பெருகினர்.

அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நிகழ்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. குழுவில் பேசியவர்களின் ஆயுள் நீளவில்லை. 2007இல் ஸ்பீகலே தம் ஆய்வை மீண்டும் நிகழ்த்தி வெளியிட்டபோதும் ஒட்டுமொத்தத்தில் முந்தைய முடிவு கிடைக்கவில்லை. ஆனால் கனடா ஆய்வில் மற்றொன்று தெளிவாகத் தெரிந்தது: குழுவில் பேசிய பெண்களிடம் மனத்துயரம் குறைந்திருந்தது, வலியின் கடுமையும் குறைவாகவே உணரப்பட்டது.

இத்திருத்தத்தை ஏமாற்றமாகக் கொள்ளத் தேவையில்லை. மனவலிமை இருந்தால் பிழைக்கலாம் என்று கூறுவோர், பிழைக்காதவரிடம் மனவலிமை இல்லை என்ற பழியையும் அறியாமலேயே சுமத்திவிடுகிறார்கள். நோயுற்றவர் ஏற்கெனவே சுமப்பது போதாதா? இருக்கும் நாள்களில் துயரம் குறைவது தன்னளவிலேயே ஒரு பயன். அதற்கு ஆயுள் நீட்டிப்பு என்ற சான்றிதழ் வேண்டியதில்லை.

சுவரில் ஒரு நிழற்படம்

கனடாவின் வின்னிபெக் நகரில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருப்பவர் ஹார்வி மேக்ஸ் சோச்சினோவ். கடுநோயாளிகளின் மனநிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மனநல மருத்துவர். புற்றுநோயாளிகள் 168 பேரின் வாழும் விருப்பத்தை நாள்தோறும் அளந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், அவ்விருப்பம் நிலையாக நிற்பதில்லை. சில மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்கக்கூடியது என்று அவர் காட்டினார். இனி வாழ்ந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்வது அவருடைய இறுதித் தீர்மானம் என்று எவரும் முடிவுகட்டலாகாது. அச்சொல்லைக் கேட்டவர் எழுந்து போய்விடாமல், அருகில் அமர்ந்து மேலும் கேட்க வேண்டும்.

மூளைக்கட்டியால் நலிந்து, எலும்பும் தோலுமாய்க் கிடந்த இளைஞர் ஒருவரைப் பற்றிச் சோச்சினோவ் எழுதியிருக்கிறார். அவருடைய படுக்கைக்கு அருகே, கட்டுடல் வாய்ந்த ஒருவரின் நிழற்படம் இருந்தது. நோய்க்கு முன் எடுக்கப்பட்ட அதே இளைஞரின் படம் அது. கட்டிலில் கிடப்பவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், நான் யார் என்பதையும் பாருங்கள் என்று வருவோர் அனைவரிடமும் அப்படம் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தம்மைப் பிறர் எவ்வாறு காண்கிறார்கள் என்று நோயாளி உணர்கிறாரோ, அவ்வுணர்வே அவருடைய கண்ணியத்தைத் தாங்கும் தூண்களுள் முதன்மையானது என்பது அவருடைய ஆய்வுகளில் புலப்பட்டது. படுக்கை எண்ணாலும் நோயின் பெயராலும் அழைக்கப்படுபவர், தாம் ஆசிரியராகவோ உழவராகவோ பாட்டியாகவோ இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்.

இதற்கு விடையாகச் சோச்சினோவும் குழுவினரும் உருவாக்கியது கண்ணியச் சிகிச்சை. சிகிச்சையாளர் நோயாளியின் அருகே அமர்ந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை உரையாடுவார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். வாழ்வில் மிகவும் நினைவில் நிற்பவை எவை, உயிர்ப்புடன் இருந்ததாக உணர்ந்த காலம் எது, ஏற்ற பொறுப்புகளுள் முதன்மையாகக் கருதுபவை எவை, பெருமைகொள்பவை எவை, அன்புக்குரியவர்களிடம் இன்னும் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா, அவர்களுக்காகக் காணும் கனவு என்ன என்றவாறு சில வினாக்கள் முன்பே நோயாளியிடம் கொடுக்கப்பட்டிருக்கும். விடையளிக்க விரும்பாததை அவர் விட்டுவிடலாம். இவ்வினாக்களில் நோயைப் பற்றிய வினா ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தால், இச்சிகிச்சையின் உள்ளுறை விளங்கும்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு

உரையாடல் முடிந்த இரண்டு மூன்று நாள்களுக்குள் பதிவு முழுவதும் எழுத்தாக்கப்படும். நோயாளிக்குக் காலம் குறைவு என்பதால் இவ்விரைவு. பின்னர்ச் செப்பமிடும் பணி தொடங்கும். முன்பின்னாகச் சொன்னவை கால வரிசைக்கு வரும். தேவையற்ற இடைநிறுத்தங்கள் நீங்கும். பிறர் மனத்தைப் புண்படுத்தக்கூடிய பகுதிகள் தனியே குறிக்கப்படும். ஒருவேளை, நெடுநாளைய குடும்பச் சண்டை ஒன்று பேச்சின் வேகத்தில் வெளிவந்திருக்கலாம். அதை அப்படியே விட்டுச் செல்ல விரும்புகிறாரா என்று நோயாளியிடம் கேட்பார்கள். அவர் மறைந்தபின் திருத்த வழியில்லையே!

அடுத்து வருவது இம்முறையின் உயிர்நிலை. செப்பமிட்ட படியைச் சிகிச்சையாளர் நோயாளிக்கு உரக்கப் படித்துக்காட்டுவார். தம் வாழ்வை இன்னொருவர் குரலில் முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு நலமாக இருப்பவர்களுக்கே வாய்ப்பதில்லை. கேட்பவர் சில இடங்களில் சிரிப்பார்; சில இடங்களில் கண் கலங்குவார்; ஆண்டு தவறு, அது அண்ணன் அல்லர் தம்பி என்று திருத்துவார். அத்திருத்தங்களும் சேர்ந்த இறுதிப்படி அவர் கையில் கொடுக்கப்படும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்பவரும் அவரே. நம் மரபில் ஒப்பாரி உண்டு. இறந்தவரின் வாழ்வை எஞ்சியோர் பாடுவர். அதற்குரியவர் அதைக் கேட்பதில்லை. இங்கே வாழ்ந்தவரே சொல்லி, வாழ்ந்தவரே கேட்டு, வாழ்ந்தவரே திருத்துகிறார்.

மொழி பயிலும் மாணவர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைவிடத் தமிழில் அவ்விடைவெளி பெரிது. கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் வாழ்ந்த ஒருவரின் பேச்சை இலக்கண வழுவற்ற உரைநடையாக மாற்றிவிட்டால், அவருடைய பேரப்பிள்ளைகள் அதில் அவரைக் காண்பார்களா? மாற்றாமல் விட்டால், பேச்சின் சிதறலைப் படித்துச் செல்ல முடியுமா? செப்பமிடுபவர் தொடரைச் சீராக்கலாம். சொல்லை மாற்றலாகாது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் 'ஆத்தா' என்றால் அது ஆத்தாவாகவே இருக்கட்டும். 'அன்னை' ஆக வேண்டாம்.

பயன் எவ்வளவு?

வின்னிபெக் நகரிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் 100 நோயாளிகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டு, முடிவுகள் 2005இல் வெளியாயின. 91 விழுக்காட்டினர் மனநிறைவு தெரிவித்தனர். 76 விழுக்காட்டினர் கண்ணிய உணர்வு உயர்ந்ததாகக் கூறினர். வாழும் விருப்பம் கூடியது என்றவர்கள் 47 விழுக்காட்டினர். பின்னர், அவ்வாவணத்தைப் பெற்ற குடும்பத்தினர் 60 பேரிடம் கேட்டபோது, பிரிவுத்துயரில் அது தமக்குத் துணையாக இருந்தது என்று 78 விழுக்காட்டினர் கூறினர்.

ஒப்பிட்டுப் பாராத ஆய்வு முழுமையாகாது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. 326 பேர் முழுமையாகப் பங்கேற்றனர். மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றை அளக்கும் அளவைகளில் கண்ணியச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தமக்கு உதவியது, வாழ்வின் தரத்தை உயர்த்தியது, குடும்பத்தினர் தம்மைக் காணும் விதத்தை மாற்றியது என்று கூறியவர்கள் மட்டும் கண்ணியச் சிகிச்சைப் பிரிவில் மிகுதியாக இருந்தனர். அளவையில் அகப்படாதது நிகழவில்லை என்று கொள்வதா, அளவைதான் பொருந்தவில்லை என்று கொள்வதா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பங்கேற்றவர்களுள் பலர் தொடக்கத்திலேயே கடுமையான மனத்துயரில் இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டினர். பசியில்லாதவருக்கு விருந்திட்டுப் பசி தீர்ந்ததா என்று எவ்வாறு அளப்பது?

பிற முறைகளும் உள்ளன. கனடாவின் டொரன்டோ நகரில் கேரி ராடின் குழுவினர் வகுத்த முறையில், முற்றிய புற்றுநோயுடையவர்களுடன் சில மாதக் கால இடைவெளிக்குள் மூன்று முதல் ஆறு அமர்வுகள் நிகழும். 305 பேரைக் கொண்ட அவர்களின் ஆய்வில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தமை 2018இல் வெளியிடப்பட்டது. நியூயார்க் நகரின் வில்லியம் பிரைட்பார்ட், நாசி வதைமுகாமிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கலின் சிந்தனைகளைத் தழுவி, வாழ்வின் பொருளை மையமாகக் கொண்ட அமர்வுகளை வகுத்தார். முறைகள் பல; அனைத்துக்கும் பொதுவானது, அவசரமின்றிக் கேட்கும் ஒரு மனிதர்.

தெரிந்து தெளிவோம்

நோயினால் வரும் துயரமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. துயரம் அலைபோல வந்து போகும். பேரக்குழந்தை வந்தால் முகம் மலரும். மனச்சோர்வில் எதிலும் நாட்டமின்மை, தாம் பயனற்றவர் என்ற எண்ணம், குற்றவுணர்வு ஆகியன வாரக்கணக்கில் நீடிக்கும். இது மருந்தாலும் உளச்சிகிச்சையாலும் தணியக்கூடியது. கடுநோயின் இயல்பான பகுதி என்று விட்டுவிடலாகாது. மனநல உதவிக்கு நடுவண் அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. நோயுற்றவர் மட்டுமின்றி, அவரைப் பேணுவோரும் இதனைப் பயன்படுத்தலாம்.

நம் வீடுகளில்

நீங்கள் மனச்சோர்வுடன் இருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்பதே நல்ல ஆய்வுக் கருவி என்று சோச்சினோவ் குழுவினர் 1997இல் காட்டினர். வேறு நாடுகளில் பிறர் செய்த ஆய்வுகளில் அக்கேள்வி அத்துணைத் துல்லியமாகப் பயன்படவில்லை. தமிழில் அது இன்னும் கடினம். மனச்சோர்வு என்பது ஏட்டுச்சொல். நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சு கனக்கிறது என்பார்கள்; சோறு இறங்கவில்லை, உறக்கம் பிடிக்கவில்லை என்பார்கள்; யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்பார்கள். உடலின் மொழியில் மனம் பேசுவதைக் கேட்டறியத் தெரிய வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டாம் என்று மருத்துவரைத் தனியே அழைத்து வேண்டுவது நம் குடும்பங்களில் காணும் வழக்கம். அன்பினால் செய்வதே. ஆனால் மருத்துவமனையின் பெயர்ப்பலகையை அவரும் படிக்கிறார். மருந்தேறும் அறையில் அருகிலிருப்பவர்களுடன் அவரும் பேசுகிறார். தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்றெண்ணி, அவரும் தெரியாததுபோல் இருக்கிறார். அப்பாவுக்காகப் பிள்ளைகளும் பிள்ளைகளுக்காக அப்பாவும் நடிக்கும் வீட்டில், பேச வேண்டியது எல்லாம் பேசப்படாமலேயே நாள்கள் கழிகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது இதற்குத் தீர்வாகாது. எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்பது பயிற்சிபெற்ற மருத்துவர்களின் முறை. அறிய விரும்பாதவர்களும் உண்டு. அவர்களின் விருப்பத்துக்கும் மதிப்புண்டு.

ஆற்றுப்படுத்துநர் இல்லாத சிற்றூரில் இவையெல்லாம் நிகழுமா என்ற ஐயம் எழலாம். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் எம். ஆர். ராசகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய நோய்த் தணிப்புச் சங்கம், பின்னர் ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தது. ஆசிரியர்கள், வணிகர்கள், மாணவர்கள் எனப் பலரும் அருகிலுள்ள நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று அமர்ந்தனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீட்டுக்கே சென்று வழங்கும் நோய்த் தணிப்புச் சேவை இடம்பெற்றுள்ளது.

பயிற்சியில்லாத நாம் சிகிச்சையளிக்க இயலாது. அருகில் அமர இயலும். எல்லாம் சரியாகிவிடும் என்ற சொல், பெரும்பாலும் சொல்பவரின் பதற்றத்தைத் தணிக்கவே சொல்லப்படுகிறது. அது பேச வாயெடுத்தவரின் வாயை அடைத்தும் விடுகிறது. இன்னாருக்கும் இதே நோய்தான் என்று தொடங்கும் கதைகளும் அவ்வாறே. நின்றுகொண்டு பேசுவதைவிட, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்தில் அமர்வது நல்லது. அவர் பேச்சை நிறுத்தினால், நாம் உடனே நிரப்ப வேண்டியதில்லை. உங்களை நன்கு கவனித்துக்கொள்ள, உங்களைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியது என்ன என்னும் கருத்தமைந்த ஒரே ஒரு கேள்வியைச் சோச்சினோவ் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பரிந்துரைத்துள்ளார். தாத்தாவின் கட்டிலருகே அமரும் பேத்திக்கும் அக்கேள்வி பொருந்தும்.

குரல் இல்லாதபோது

வாய், தொண்டைப் புற்றுநோய்கள் நம் நாட்டில் மிகுதி. நாவையோ குரல்வளையையோ அகற்றிய நோயாளிக்குப் பேச்சுச் சிகிச்சை என்ற பெயரே கேலிபோல் ஒலிக்கும். அவர்களிடம் பலகையும் எழுதுகோலும் கொடுக்கிறார்கள். கைப்பேசியில் தட்டெழுதச் செய்கிறார்கள். எழுதப் படிக்க அறியாதவரிடம் படங்களைக் காட்டியும், ஆம், இல்லை என்று தலையசைக்கத்தக்க வினாக்களைக் கேட்டும் அறிகிறார்கள். ஒரு தொடரை அவர் எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகலாம். பாதித் தொடரிலேயே பொருளை ஊகித்து நாம் முடித்துவைப்பது உதவியன்று.

பேச்சுச் சிகிச்சையைப் பெருந்துறையாக வளர்த்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கே 1923இல் வாய்ப் புற்றுநோய் கண்டது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். மேலண்ணத்தில் பொருத்திய செயற்கை உறுப்பினால் பேசுவதும் உண்பதும் வருத்தமாயின. வலப்பக்கச் செவியும் கேட்கும் திறனை இழந்தது. ஆயினும் 1939இல் லண்டனில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை தம்மை நாடி வந்தவர்களின் துயரங்களை அவர் கேட்டுவந்தார். நலமாயிருந்த இடச்செவி அவர்கள் பக்கம் இருக்கும்படி, தம் நாற்காலியையும் அவர்கள் படுக்கும் சாய்விருக்கையையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

கற்பவை கற்றபின்...

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இசைவுடன், வாழ்வில் அவர் மறவாத நிகழ்வு ஒன்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்க. அதனை அவர் பேசியவாறே எழுதுக. பின்னர் அவருடைய சொற்கள் கெடாதவாறு செப்பமிட்டு, அவருக்கே படித்துக்காட்டுக. அவர் செய்த திருத்தங்களை வகுப்பில் கலந்துரையாடுக.